பழைய தொலைநோக்கியின் கோணிய முக்காலிக் கால்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரை நூற்றாண்டு பழைமையான ஒரு தொலைநோக்கி கைக்கு வரும்போது, அதன் கண்ணாடி பெரும்பாலும் பிழைத்திருக்கும், முக்காலிதான் கெட்டிருக்கும். 1950, 60-களில் ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான 60 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கிகளின் முக்காலிகளும், அவற்றுக்கு முந்தைய பித்தளைக் குழாய்த் தொலைநோக்கிகளின் முக்காலிகளும் மரத்தாலானவை. அவற்றின் கால்கள் வளைந்தோ முறுக்கியோ போயிருந்தால் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே கீழ்க்காணும் கேள்விகளும் பதில்களும். வசதிக்காக இரண்டு பெயர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காலிலும் மேலிருந்து இறங்கும் இரண்டு மரங்களைப் பக்கச் சட்டங்கள் என்றும், அவற்றுக்கு நடுவே மேலும் கீழும் நகரும் ஒற்றை மரத்தை நீட்டுக்கால் என்றும் குறிப்பிடுகிறேன்.

கால் உண்மையிலேயே கோணியிருக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது?

முக்காலியை நிற்கவைத்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தளர்ந்த கீல், ஒரு பக்கம் தேய்ந்த துளை, தரையின் சரிவு ஆகிய மூன்றும் நேரான காலையும் கோணலாகக் காட்டும். கால்களைக் கழற்றி, ஒவ்வொரு சட்டத்தையும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் இரு முனைகளிலும் மெல்லிய நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மி.மீ. அளவுகோலால் அளந்தால் வளைவு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அகலமான முகத்திலும் குறுகிய விளிம்பிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு தொல்லைகளைத் தருபவை. முறுக்கு நூலில் பிடிபடாது. அதற்கு, ஒரே உயரமுள்ள இரண்டு நேரான பட்டைகளைச் சட்டத்தின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு முனையிலிருந்து குனிந்து ஒரு கண்ணால் நோக்குங்கள். இரண்டு பட்டைகளின் மேல்விளிம்புகளும் ஒரே கோடாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சாய்ந்து தெரிந்தால் இருக்கிறது. பட்டைகள் நீளமாக இருக்க இருக்க, சிறிய முறுக்கும் பெரிதாகத் தெரியும்.

அளந்ததை அந்தந்தச் சட்டத்தின் மீதே பென்சிலால் எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து, நிமிர்த்திய கால் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அந்த எண் தேவைப்படும்.

எவ்வளவு கோணலை அப்படியே விட்டுவிடலாம்?

பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே விட்டுவிடலாம். கால் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 அல்லது 75 மி.மீ. தொலைநோக்கிக்கு இது பொருத்தமான கணக்குதான். காலின் நடுவில் 10 மி.மீ. வளைவு இருந்தாலும், அந்த எடை அதன்மீது செலுத்தும் வளைக்கும் விசை, ஒரு சாண் நீளக் குச்சியின் முனையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டது போன்ற அற்பமான விசையே. மரம் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே முக்காலியின் வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ வில் போல வளைந்திருக்கும் கால் கண்ணை உறுத்துமே தவிர, பார்வையைக் கெடுப்பதில்லை.

கெடுக்கும் கோணல்கள் இரண்டு உண்டு. பக்கச் சட்டங்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்தால் நீட்டுக்கால் நடுவில் இறுகிச் சிக்கிக்கொள்ளும்; எதிர்த் திசையில் விலகி வளைந்தால் நீட்டுக்கால் பிடிப்பில்லாமல் ஆடும். இது முதலாவது. சட்டம் முறுக்கிக்கொண்டு, தலைப்பகுதியின் கீலில் ஒரு விளிம்பு மட்டும் பட, மறுவிளிம்பு தூக்கி நிற்பது இரண்டாவது. எத்தனை இறுக்கினாலும் அந்தக் கீல் உறுதியாகப் பிடிக்காது. மேலும் இறுக்கினால் மரம் பிளக்கும் அல்லது பழைய வார்ப்பு உலோகம் உடையும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் வேலையில் இறங்கலாம். வெறும் வில்வளைவு மீட்டருக்கு 3 அல்லது 4 மி.மீ. அளவில் இருந்தால், நானாக இருந்தால் தொடமாட்டேன்.

படம் ஆடுகிறது. அதற்குக் கால் கோணல்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. பிரகாசமான ஒரு விண்மீனை நடுவில் வைத்து, குழாயின் பின்முனையை விரலால் ஒருமுறை தட்டுங்கள். ஆட்டம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கினால் முக்காலி நலமாக இருக்கிறது. ஐந்தாறு விநாடி தொடர்ந்தால், ஒரு காலின் மேல்முனையைக் கையால் இறுகப் பற்றிக்கொண்டு மீண்டும் தட்டுங்கள். எந்த மூட்டைப் பிடித்தபோது ஆட்டம் குறைகிறதோ, பிழை அங்கேதான் இருக்கிறது. நான் பழுதுபார்த்த முக்காலிகளில், கோணல் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டவற்றுள் பாதிக்கு மேல் தேய்ந்த துளையும் தளர்ந்த போல்ட்டுமாகவே முடிந்தன.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நீட்டுக்காலை முழுமையாக இழுக்காமல், காலின் மொத்த நீளத்தை முக்கால் பங்காக்கிப் பாருங்கள். வளையும் கட்டையின் விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், நீளத்தை நான்கில் மூன்று பங்காக்கினாலே விறைப்பு இரண்டே கால் மடங்குக்கு மேல் கூடுகிறது. உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டவர்களில் பலருக்கு அதற்குப் பிறகு பழுதுபார்க்கும் தேவையே எழுவதில்லை.

இத்தனை ஆண்டுகள் நேராக இருந்த மரம் ஏன் கோணுகிறது?

வெட்டிப் பல பத்தாண்டுகள் ஆன பின்பும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும் அறையில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 12 விழுக்காட்டில் நிலைகொள்ளும். 30 விழுக்காட்டில் அது 6-க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் மிகுதி. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. நீளவாக்கில் மிக மிகக் குறைவு, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை கணக்கிட்டாலும் 0.1 அல்லது 0.2 விழுக்காடுதான்.

அப்படியானால் நீளமான கால் எப்படி வில்லாக வளைகிறது? காரணங்கள் இரண்டு. ஒன்று, மரத்தின் பிறவிக்குணம். மரத்தின் நடுத்தண்டை ஒட்டிய இளம்பகுதியும், சாய்ந்து வளர்ந்த மரத்தில் உண்டாகும் அழுத்தப் பகுதியும் நீளவாக்கிலும் கணிசமாகச் சுருங்கும். சட்டத்தின் ஒரு பக்கம் அப்படிப்பட்ட மரமாக இருந்துவிட்டால், ஒவ்வொரு வறண்ட பருவத்திலும் அந்தப் பக்கம் இழுக்கும். ரேகை, அதாவது மரநார் ஓடும் வரி, சாய்வாகவோ சுருளாகவோ ஓடும் மரம் முறுக்கிக்கொள்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. மற்றொன்று, வைத்த முறை. முக்காலியைச் சுவரில் சாய்த்து, அதன்மேல் இன்னொரு பொருளையும் வைத்துவிட்டு மறந்துபோகிறோம். சுமையின் கீழ் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மரம் சிறிது சிறிதாகத் தளர்ந்து, அந்த வளைவையே தன் வடிவமாக ஏற்றுக்கொள்கிறது.

இந்த வேறுபாடு முக்கியமானது. சாய்த்து வைத்ததால் வளைந்த கால் நிமிர்த்தினால் நிற்கும். பிறவிக்குணத்தால் வளைந்தது நிமிர்த்திய பிறகும் அடுத்த பருவத்தில் தன் வேலையைக் காட்டும். சட்டத்தின் விளிம்பில் ரேகையைக் கூர்ந்து பாருங்கள்: நீளம் முழுதும் விளிம்புக்கு இணையாக ஓடினால் நம்பிக்கை கொள்ளலாம், பாதி வழியில் விளிம்பைத் தாண்டி வெளியேறினால் புதிய காலைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

குழிந்த பக்கத்தை நனைத்தால் நிமிரும் என்கிறார்களே?

அகலமான பலகை குறுக்குவாக்கில் ஓடு போலக் குழிந்திருந்தால் அது உண்மை. குழிந்த பக்கம் ஈரத்தில் உப்பி, பலகை சமமாகும். முக்காலிக் கால் வளைந்திருப்பதோ நீளவாக்கில். அந்தத் திசையில் மரம் உப்புவதே இல்லை என்று சொல்லிவிடலாம் என்பதால், ஈரத்துணி மட்டும் போர்த்திவைத்தால் பூச்சு வெளுக்குமே தவிர வளைவு அசையாது. பலகைக்குச் சொன்ன மருந்தைக் காலுக்குத் தருவதுதான் இந்த வேலையில் நான் அடிக்கடி காணும் தவறு.

வெயிலில் வைத்து எடை ஏற்றினால்?

வெயில் பட்ட பக்கம் உலர்ந்து சற்று அசையும். மாலையில் நிமிர்ந்ததாகத் தோன்றும். ஈரம் திரும்பியதும் வளைவும் திரும்பும். எண்ணெயில் ஊறவைப்பதும் அப்படியே. எண்ணெய் மரநாரின் சுவருக்குள் புகுந்து அதை இளக்குவதில்லை.

கால்களைப் பிரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு சட்டத்துக்கும் எந்தக் கால், இடமா வலமா, எந்தப் பக்கம் மேல், எந்த முகம் வெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் செய்தவை போலத் தோன்றினாலும், துளைகள் கையால் இடப்பட்டவை என்பதால் சட்டங்களை மாற்றி மாட்டினால் பொருந்தாமல் போகலாம். அசையாத திருகாணியை வலிந்து திருப்பினால் அதன் தலை சிதையும். பற்றவைக்கும் இரும்பின் சூடான முனையைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் முதலில் சிறிது இறுக்கும் திசையிலும் பிறகு தளர்த்தும் திசையிலும் திருப்புங்கள்.

பழைய பிரிட்டிஷ் கருவிகளில் விட்வொர்த், பி.ஏ. ஆகிய மரையளவுகள் வரும். இன்றைய மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று ஏறியதும் இறுகும்போது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தொலைந்த போல்ட்டுக்கு மாற்றாக எதையும் நுழைக்கும் முன் மரையை அளந்துகொள்ளுங்கள்.

நீராவி வைப்பதானால் எல்லா உலோகமும் வெளியே வந்தாக வேண்டும். ஓக் போன்ற துவர்ப்புச் சத்து மிகுந்த மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால், மையைக் கொட்டியது போல நீலக்கறுப்புக் கறை ஊறிவிடும். ஒரு திருகாணியை உள்ளே விட்டுவிட்டு வேலை செய்த சட்டம் ஒன்றில் அந்தக் கறையை நீக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை நீக்கும். ஆனால் அது நச்சுப் பொருள் என்பதால் கையுறையும், பின்னர் நன்றாகக் கழுவுதலும் கட்டாயம்.

நீராவியே இல்லாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதை முதலில் முயல வேண்டும். பக்கச் சட்டங்கள் இரண்டும் ஒரே திசையில் வளைந்திருந்தால், ஒன்றைத் தலைகீழாகவோ முகம் மாற்றியோ மாட்ட முடியுமா என்று பாருங்கள். எதிரெதிராக வளைந்த இரண்டு சட்டங்களை நடுவில் ஓர் இடைக்கட்டையும் போல்ட்டும் கொண்டு இணைத்தால், ஒன்றின் வளைவை மற்றொன்று எதிர்த்து இரண்டும் நேராகும். துளைகள் சமச்சீராக இருக்கும் முக்காலிகளில் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை இது. நீட்டுக்கால் ஓடும் பாதையில் இடைக்கட்டை குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சரியாக வரவில்லை என்றால் பழையபடி திருப்பி மாட்டிவிடலாம். எந்தத் தடமும் இருக்காது.

நீராவியால் நிமிர்த்துவது எப்படி? கால் ஒடிந்துவிடாதா?

ஒடியும் என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது தேவையற்றது. 900 மி.மீ. நீளமும் 20 மி.மீ. தடிப்பும் உள்ள சட்டம் 10 மி.மீ. வளைந்திருந்தால், அதை நேராக்கும்போது வெளிநார் நீள வேண்டிய அளவு 0.1 விழுக்காடு மட்டுமே. உலர்ந்த மரமே ஏறத்தாழ 1 விழுக்காடு வரை தாங்கும். ஆக, குளிர்ந்த நிலையிலேயே இந்தச் சட்டத்தைக் கையால் நேராக்கிவிடலாம். கையை எடுத்ததும் அது பழையபடி வளைந்துவிடும். ஒடிவதல்ல, திரும்பிப் போவதே இங்கே சிக்கல். நீராவி எதற்கென்றால், மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரமும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் சேர்ந்தால் இளகும். ஆறும்போது மீண்டும் இறுகும். இளகியிருக்கும் நேரத்தில் நாம் கொடுத்த வடிவத்தில் ஒரு பங்கை அது தக்கவைத்துக்கொள்கிறது.

முதலில் அச்சைத் தயார்செய்யுங்கள், அடுப்பைப் பிறகு பற்றவைக்கலாம். சதுர எஃகுக் குழாயோ கனமான நேர்க்கட்டையோ அச்சாக இருக்கட்டும். சட்டத்தின் இரு முனைகளுக்கும் கீழே கட்டைகளை வைத்து, புடைத்த பக்கம் மேலே இருக்குமாறு கிடத்தி, நடுவில் கிளாம்ப் கொண்டு கீழே இழுக்க வேண்டும். 10 மி.மீ. வளைவு இருந்தால், நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்த்திசையில் இன்னும் 15 மி.மீ. போகுமாறு முனைக்கட்டைகளின் உயரத்தை அமையுங்கள். வளைவு ஓரிடத்தில் மட்டும் குவிந்திருந்தால் கட்டைகளை அந்த இடத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். கிளாம்ப் வாய்க்கும் மரத்துக்கும் இடையே அட்டையோ தோலோ வேண்டும். இளகிய மரத்தில் அழுந்தும் தடம் பின்னர் மறையாது.

நீராவிப் பெட்டியை ஒட்டுப்பலகையில் செய்துகொள்ளலாம். பெட்டி ஒருபோதும் முழுதாக மூடப்பட்டதாக இருக்கக் கூடாது: ஒரு முனையில் நீராவி வெளியேறத் துளையும், கீழே நீர் வடியச் சிறு துளையும் இல்லையென்றால் அழுத்தம் ஏறி வெடிக்கும். பி.வி.சி. குழாய் சூட்டில் தொய்ந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். சட்டத்தை ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, 25 மி.மீ. தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவி பிடிக்கச் செய்யுங்கள். 20 மி.மீ. சட்டத்துக்கு ஐம்பது நிமிடம் போதும். வெளியே எடுத்த கணத்திலிருந்து மரம் இறுகத் தொடங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே குளிர்ந்த சட்டத்தை வைத்து ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். தடித்த கையுறையும், உதவிக்கு ஓர் ஆளும் தேவை.

ரேகை வெளியேறும் இடத்திலும் திருகாணித் துளைகளைச் சுற்றியும் மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே மரம் உண்மையிலேயே பிளக்கலாம். துளைகளில் தற்காலிகமாக மரமுளை செருகிவைத்தால் ஆபத்து குறையும்.

எத்தனை நாள் கிளாம்பில் விட வேண்டும்?

நாள் கணக்கை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். நான் முதலில் நிமிர்த்திய ஆஷ் மரச்சட்டம், நீரில் போடும் முன் 486 கிராம் இருந்தது. ஆவி பிடித்து எடுத்தபோது 521 கிராம். மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்தேன், உலர்ந்தது போலவே இருந்தது. கழற்றி எடைபோட்டால் 506. நேராகத்தான் நிற்கிறதே என்ற ஆவலில் அப்படியே மாட்டிவிட்டேன். மீதமிருந்த 20 கிராம் நீர் அடுத்த வாரத்தில் வெளியேற, அதனுடன் பாதி வளைவும் திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் முறை அச்சையும் சேர்த்தே எடைபோட்டு, கிளாம்பைக் கழற்றாமலே கணக்குப் பார்த்தேன். பழைய எடைக்கு மூன்று கிராம் அருகில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கழற்றியபோது எதிர்த்திசையிலிருந்த 15 மி.மீ. முழுவதும் திரும்பி, சட்டம் நூலுக்கு ஒரு மி.மீ. விலகலில் வந்து நின்றது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

உலரும் காலத்தில் மின்விசிறியை ஒரு பக்கத்தில் மட்டும் வீசவிடாதீர்கள். இரு பக்கமும் சமமாகக் காற்று பட வேண்டும்.

எல்லா மரமும் நீராவிக்கு இணங்குமா?

இல்லை. ஆஷ், ஓக், பீச் மூன்றும் நன்றாக இணங்கும். மஹோகனியும் தேக்கும் பிடிவாதக்காரர்கள். அவற்றில் சிறு வளைவு மட்டும் இருந்தால் முயலலாம். பெரிய வளைவுக்குக் கீழே சொல்லும் கீறி ஒட்டும் முறையே நல்லது. சூளையில் கடுமையாக உலர்த்திய மரம், காற்றில் உலர்ந்த மரத்தைவிடக் குறைவாகவே இளகும். பழைய முக்காலி எப்படி உலர்த்தப்பட்டது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், இரண்டாம் முறை ஆவி வைக்க நேர்ந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

முறுக்கை எடுப்பது எப்படி?

அதே ஆவி, அதே தராசு. அச்சு மட்டும் வேறு. சட்டத்தின் ஒரு முனையை மேசையோடு சேர்த்துக் கிளாம்பால் இறுக்கி, மறுமுனையில் ஒரு முழ நீளக் கட்டையைக் குறுக்காகப் பூட்டி, அதையே நெம்புகோலாக்கி எதிர்த்திசையில் திருப்பிக் கட்டிவைக்க வேண்டும். வில்வளைவைவிட முறுக்கு அதிகமாகத் திரும்பிப் போகும் என்பது என் அனுபவம். பட்டைகளில் தெரிந்த சாய்வைப் போல இரண்டு மடங்காவது தாண்டித் திருப்புகிறேன்.

வளைவும் முறுக்கும் சேர்ந்திருந்தால் முறுக்கை முதலில் எடுங்கள்.

பழைய பூச்சை என்ன செய்வது?

நீராவிக்கு முன் அது போயாக வேண்டும். ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சு ஈரச் சூட்டில் வெளுத்துக் குமிழியிடும். எந்தப் பூச்சு என்று அறிய, கண்ணில் படாத ஓர் இடத்தில் எரிசாராயத் துளியை வைத்துத் துடைத்துப் பாருங்கள்: பிசுபிசுத்துக் கரைந்தால் ஷெல்லாக். கரையாமல், லாக்கர் தின்னருக்கு மட்டும் இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாதது எண்ணெய் வார்னிஷ்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் எளிதில் தீப்பற்றும். அதை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் உரிக்கக் கூடாது; அந்தப் பூச்சு இருக்கும்வரை சட்டத்தை அந்தத் துப்பாக்கியால் நிமிர்த்தவும் முயலக் கூடாது. கால்களில் வண்ணப் பெயின்ட் அடித்திருந்தால், அது பழைய ஈயப் பெயின்ட்டாக இருக்கலாம் என்று கருதியே நடந்துகொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், இரசாயனத்தால் இளக்கி ஈரமாக வழித்தெடுப்பதே பாதுகாப்பு. தயாரிப்பாளரின் முத்திரையோ ஒட்டுப்படமோ காலில் இருந்தால் அந்தச் சட்டத்தை ஆவியில் வைக்காதீர்கள், போனது போனதுதான்.

இழைப்புளியால் இழைத்து நேராக்கிவிடலாமே?

தடிப்பின் மும்மடியைப் பொறுத்தே விறைப்பு இருக்கிறது. 20 மி.மீ. சட்டத்தை 18-ஆக இழைத்தால் விறைப்பில் 27 விழுக்காடு போய்விடும்; நீட்டுக்காலின் பொருத்தமும் கெடும். வேண்டாம்.

கீறி ஒட்டும் முறை என்றால் என்ன?

சட்டத்தின் தடிப்பை நடுவில் நீளவாக்கில் அறுத்து இரண்டு மெல்லிய பட்டைகளாக்கி, ரம்பம் தின்ற அளவுக்குச் சமமான மெல்லிய மரத்தகட்டை நடுவில் வைத்து, நேரான அச்சில் பசையிட்டு இறுக்குவது. மெல்லிய பட்டை எளிதாக நிமிரும். ஒட்டிய பின் ஒன்று மற்றொன்றைத் திரும்பவிடாது. சமமான இரண்டு பட்டைகளாக ஒட்டினால் திருத்திய வளைவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கும், மூன்றாக ஒட்டினால் ஒன்பதில் ஒரு பங்கும் மட்டுமே திரும்பும். 10 மி.மீ. வளைவுக்கு இது முறையே 2.5 மி.மீ., ஏறத்தாழ 1 மி.மீ. என்பதால், அச்சிலேயே அந்த அளவைத் தாண்டி வைத்துவிடலாம்.

வழக்கமான வெள்ளைத் தச்சுப்பசை தொடர்ந்த இழுவிசையின் கீழ் மெதுவாக வழுக்கிக்கொடுக்கும். எப்பாக்சி அல்லது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை அப்படிச் செய்யாது. விளிம்பில் மெல்லிய கோடு தெரியும் என்பதைத் தவிர இந்த முறையில் எனக்குக் குறையொன்றும் இல்லை. பிறவிக்குணத்தால் வளைந்த மரத்துக்கும் இது ஓரளவு கட்டுப்போடும்.

எப்போது புதிய கால் செய்வது?

ரேகை குறுக்கே வெளியேறும்போதும், துளைகளை இணைத்தபடி விரிசல் ஓடும்போதும், பூச்சி அரித்திருக்கும்போதும். ரேகை நேராக ஓடும், மையத்திலிருந்து வெளிநோக்கி அறுத்த பலகையைத் தேடுங்கள். முழு அளவைவிடச் சில மி.மீ. கூடுதலாக வெட்டி, வேலை செய்யும் அறையிலேயே சில வாரம் போட்டுவையுங்கள். கோணுவதென்றால் அப்போதே கோணட்டும், பிறகு இறுதி அளவுக்கு இழைக்கலாம். துளைகளைப் பழைய சட்டத்தைப் பார்த்தே இடுங்கள். ஒரு சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். மூன்று கால்களும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக நல்ல மரத்தைக் கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய சட்டத்தையும் தூக்கியெறியாதீர்கள். கருவியை அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

நிமிர்த்திய பிறகு என்ன பூச வேண்டும்?

எதைப் பூசினாலும் எல்லாப் பக்கமும் சமமாகப் பூச வேண்டும். வெளிமுகத்தில் மூன்று பூச்சும் உள்முகத்தில் ஒன்றுமாக விட்டால், ஒரு பக்கம் ஈரத்தை வேகமாக வாங்கி, கழற்றிய கோணலை மீண்டும் வரவழைக்கும். வெட்டுமுனைகள் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும் என்பதால், உலோகக் குப்பிக்குள் மறையும் அடிமுனைக்கும் திருகாணித் துளைகளின் உட்சுவருக்கும் முதலில் பூசுங்கள். ஷெல்லாக் காற்றின் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் இரவுப் பனி சொட்டச் சொட்ட நிற்கும் காலுக்கு எண்ணெய் வார்னிஷோ பாலியுரேத்தேனோ ஏற்றது. ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசுவது அழகுக்கு ஆகும், ஈரத்துக்கு ஆகாது. அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றும். விரித்து உலரவிட்டோ நீரில் நனைத்தோதான் கழிக்க வேண்டும்.

நீட்டுக்கால் இன்னும் சிக்குகிறது, திருகாணியும் பிடிக்கவில்லை.

சிக்குமிடத்தில் பளபளப்பான உராய்வுத் தடம் இருக்கும். அங்கே மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் போட்டால் தூசி சேரும். தேய்ந்த திருகாணித் துளைக்குத் தடிமனான திருகாணியைத் தேடாமல், கடின மரத்தில் முளை சீவிப் பசையிட்டு அடைத்து, மறுநாள் பழைய அளவிலேயே துளையிடுங்கள். போல்ட் தலையின் கீழ் மரம் நசுங்கியிருந்தால் அகலமான வாஷரும் அதனடியில் தோல் வளையமும் வைத்தால் போதும்.

இனி எப்படி வைப்பது?

கால்களை மடக்கி, தலைப்பகுதியைக் கொக்கியில் மாட்டி, செங்குத்தாகத் தொங்கவிடுவது மிக நல்லது. அதற்கு இடமில்லையென்றால் சமதளத்தில் முழு நீளமும் தாங்குமாறு கிடத்திவையுங்கள். விங் நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். பனியில் நனைந்த முக்காலியைத் துடைக்காமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள். பென்சிலால் எழுதிவைத்த அந்த எண்ணை முதல் ஆண்டில், வறண்ட பருவத்தில் ஒருமுறையும் ஈரப் பருவத்தில் ஒருமுறையும் நூல் கட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் இடையே ஒரு மி.மீ. போய்வந்தால், அது மரத்தின் இயல்பான அசைவு.